எண்ணக் கூடாத வள்ளம்

நம் வயசுக்காரர்களில் ஒன்பதாம் வாய்ப்பாடு மறந்துபோனவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்கமாட்டீர்கள். மூக்குக் கண்ணாடி வைத்த இடம் மறந்துபோகும், காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்பது மறந்துபோகும், வாய்ப்பாடு மட்டும் போகாது. அடி வாங்கிப் படித்தது அல்லவா! நான் சொல்ல வந்தது அடியைப் பற்றியல்ல, ஒரு பரீட்சையைப் பற்றி. கொல்லிமலையில், குண்டூர் நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டத்தில், உலகச் சண்டை எங்கேயோ நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், பலாப்பழக் காலத்தில் ஆரம்பித்து அடுத்த சித்திரையில் முடிந்த சங்கதி. அப்போது எனக்குப் பத்து வயசு. அம்மா பதினொன்று என்பாள். எங்கள் ஊரில் வயசை யார் எழுதி வைத்தார்கள்?

பள்ளிக்கூடம் என்றால் மண்சுவரும் புல் கூரையும்தான். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். காட்டில் வேலை இல்லாத நாளில் இருபது பிள்ளைகள் இருப்போம், களை எடுக்கும் காலத்தில் ஆறு பேர். மழை நாளில் அறை முழுக்க நனைந்த கம்பளி நாற்றமும் அடுப்புப் புகை நாற்றமும் அடிக்கும். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுப் புகையைச் சட்டையில் சுமந்துகொண்டுதான் வருவோம். சிலேட்டு ஈரத்தில் எழுதாது. அதை வயிற்றில் வைத்துச் சூடு பண்ணி எழுதுவோம். இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை, போகட்டும்.

வாத்தியார் அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. திங்கட்கிழமை விடியலில் ஒரு வாரத்து அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுவார், வெள்ளிக்கிழமை இறங்குவார். பஸ்ஸாவது, ரோடாவது! அட்டைக்கும் குளிருக்கும் பயந்த மனிதர். தலையில் துண்டைச் சுற்றியபடியேதான் பாடம் நடத்துவார். கோபக்காரர் இல்லை. ஆனால் ‘ஏன்’ என்று கேட்டால் மட்டும் அவருக்கு ஆகாது.

எனக்கோ அந்த ஒரு வார்த்தைதான் வாயில் நிற்கும்.

“எண்ணோட எலக்கத்தையெல்லாம் கூட்டு. கூட்டுனது ஒம்பதால வகுபட்டா, முழு எண்ணும் ஒம்பதால வகுபடும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க” என்பார்.

எல்லாரும் சொல்வார்கள். நான் கையைத் தூக்குவேன்.

“ஏனுங்க சார்?”

“என்ன ஏன்?”

“எலக்கத்தைக் கூட்டுனா எப்படிங்க சார் தெரியும்? நாலும் அஞ்சும் ஒம்பதுங்க. ஆனா நாப்பத்தஞ்சு வேற, ஒம்பது வேறதானுங்களே?”

“அது சூத்திரம் கண்ணு. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணணும். மாட்டுக்கு ஏன் ரெண்டு கொம்புன்னு கேப்பியா?”

கேட்பேன் என்றுதான் நினைத்தேன்.

இதை எனக்குத் தெளிய வைத்தவன் என் மாமன் மகன். அம்மாவின் அண்ணன் பிள்ளை, என் வயசு, பக்கத்து வளவில் வீடு. அவன் வகுப்பில் வாயே திறக்கமாட்டான். வாத்தியார் அவனை மந்தம் என்று நினைத்திருந்தார். அந்த மந்தத்தை நான் ‘ஒத்தையா ரெட்டையா’ விளையாட்டில் ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை. கைக்குள் பலாக்கொட்டையை மூடிக் காட்டினால், என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்து ஒற்றையா இரட்டையா என்று சொல்லிவிடுவான். ஒற்றை வைத்திருக்கும்போது நான் உதட்டைக் கடிக்கிறேனாம். பாவிப் பயல், அதைச் சொல்லவே ஒரு வருஷம் ஆக்கினான்.

அன்றைக்கு அவர்கள் வீட்டு முற்றத்துப் பாயில் பலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஈரக் கொட்டையின் வழுவழுப்பும் அந்தப் புளித்த வாசனையும் நினைத்தாலே விரலில் ஒட்டுகிறது. நான் சூத்திரத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவன் பேசாமல் பத்துப் பத்தாக நாலு கும்பல் வைத்தான். பக்கத்தில் ஐந்து கொட்டை உதிரியாக வைத்தான்.

“நாப்பத்தஞ்சு. செரியா?”

“செரி.”

“ஒம்பது ஒம்பதாத்தானே எடுக்கணும்? ஒவ்வொரு கும்பல்லயும் ஒம்பதை எடுத்துரு. மிச்சம்?”

எடுத்தேன். ஒவ்வொரு கும்பலிலும் ஒரு கொட்டை நின்றது.

“நாலு கும்பல், நாலு ஒண்ணு. உதிரி அஞ்சு. ஆக ஒம்பது. அதையும் எடுத்தாத் தீந்துபோச்சு. பத்துன்னா ஒம்பதும் ஒண்ணும்தான் புள்ள. நூறும் அப்படித்தான், தொண்ணூத்தொம்பது போவ ஒண்ணு நிக்கும். எலக்கத்தைக் கூட்டறதுன்னா மிஞ்சுனதைக் கூட்டறது. வேறொண்ணுமில்ல.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. பொய்யில்லை, சத்தியம். யாரும் சொல்லித்தராமல், பலாக்கொட்டையை வைத்துக்கொண்டு, பத்து வயசுப் பையன்! நான் பாயைச் சுற்றி ஓடினேன். அவன் கொட்டைகளைப் பழையபடி பரப்பிவிட்டான், வெயில் போய்விடுமே என்று.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் இதே வேலையாகிவிட்டது. ஆடு மேய்க்கப் போனால் ஆட்டுக் காலை எண்ணுவோம், எத்தனை ஆடு வந்தாலும் கால் இரட்டைப்படையாகத்தான் வரும். இரண்டு ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினால் ஏன் இரட்டைப்படை ஆகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். அவன்தான் சொன்னான்: ஜோடி ஜோடியாக நிறுத்தினால் ஒவ்வொரு ஒற்றைப்படையிலும் ஒருத்தன் துணையில்லாமல் நிற்பான், இரண்டு பேர் அப்படி நின்றால் அவர்களே ஜோடி சேர்ந்துகொள்வார்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது, பதினொன்று எல்லாவற்றுக்கும் வகுபடும் சூத்திரம் ஏன் என்று பார்த்துவிட்டோம். ஏழு மட்டும் பிடிபடவில்லை. வாத்தியாரிடம் கேட்டேன்.

“ஏழுக்குச் சூத்திரம் உண்டுங்களா சார்?”

“அதெல்லாம் கீழ, பெரிய பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுப்பாங்க” என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் பெரிய பள்ளிக்கூடம் போயே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. ஏழுக்காக!

ஆடி மாசம் வாத்தியார் ஒரு காகிதத்தோடு மலை ஏறி வந்தார். அன்று பாடம் நடத்தவில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்த எங்கள் மூன்று பேரையும் முன்னால் கூப்பிட்டார். நான், மாமன் மகன், மூன்றாவது ஊர்க்கவுண்டர் மகன்.

“ஜில்லா முழுக்க ஒரே பரீட்சை. அஞ்சு கணக்கு. மூணு செரியாப் போட்டா பாஸ். பாஸ் பண்ணுனவங்களுக்குக் கீழ ஹாஸ்டல்ல சோறும் துணியும் போட்டுப் படிக்க வெப்பாங்க, பொம்பளப் புள்ளைகளுக்கும் உண்டு. நம்ம பள்ளிக்கூடத்துல மூணு வருஷமா ஒருத்தரும் பாஸ் ஆகல. இந்த வருஷமும் ஆகலேன்னா பள்ளிக்கூடத்தை மூடிப்போடறதுன்னு எழுதியிருக்காங்க.”

வீட்டில் சொன்னேன். அப்பா, “மூடுனா மூடட்டும், காட்டுக்கு ஒரு ஆளு கெடைக்கும்” என்றார். நான் சோற்றை வைத்துவிட்டு அழுதேன். இவ்வளவு அழுகிற விஷயமா இது என்று அப்பா திகைத்துப்போனார்.

இங்கே எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். களத்தில் சாமையோ ராகியோ குவித்து, வள்ளம் என்கிற அளவுப் படியால் அளக்கும்போது, முதல் வள்ளத்தைக் குவித்து அளந்து கிழக்கே தனியாகக் கொட்டிவிடுவார்கள். அது சாமி வள்ளம். அப்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த வள்ளத்தில்தான் ‘ஒன்று’ என்று எண்ணிக்கை ஆரம்பிக்கும். அறுவடை முடிந்து அந்தச் சாமி வள்ளத்தைப் பொங்கல் வைத்து எல்லாருக்கும் பிரித்துத்தான் கொடுப்பார்கள், பிரிப்பதில் தப்பில்லை. எண்ணிக்கையில் சேர்ப்பதுதான் ஆகாது. பத்து வள்ளம் விளைந்தது என்று ஒருவர் சொன்னால் களத்தில் பதினொன்று இருந்தது என்று அர்த்தம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நடக்கப் பழகியது போல அதுவும் பழகியிருந்தது.

மாமன் மகனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். மூன்று வயசு. அவன்தான் அவளுக்கு ஒண்ணு, ரெண்டு சொல்லிக்கொடுத்தான். கோழியை எண்ணுவாள், விரலை எண்ணுவாள், வந்தவர்களை எல்லாம் எண்ணுவாள். பரீட்சைக்கு இரண்டு வருஷம் முன்னால், களத்தில் எல்லாரும் வாயை மூடி நிற்கும்போது, சாமி வள்ளத்தைக் கையை நீட்டிக் காட்டி ‘ஒண்ணு’ என்று கத்திவிட்டாள். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். குழந்தைதானே! அந்த மாசமே அவளுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டாள். எங்கள் மலையில் அந்தக் காய்ச்சலில் எத்தனையோ பிள்ளைகள் போயின. ஆனால் பிள்ளையைத் தூக்கும்போது அத்தை, “எண்ணிப்போட்டாளே, எண்ணிப்போட்டாளே” என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் அங்கே இருந்தேன். அவனும் இருந்தான். அதற்கப்புறம் அத்தை களத்துப் பக்கம் போனதில்லை. அவன் வகுப்பில் வாயைத் திறக்காமல் போனதும் அதற்கப்புறம்தான்.

வாத்தியாருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கரும்பலகையில் அவர் போட்டதெல்லாம் வெறும் எண்கள். வெறும் எண்ணுக்குச் சாமி கிடையாது.

ஐப்பசிக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். நாலு பேர் டோலியில் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்கவில்லை, உட்கார்ந்து வந்தவருக்கு மூச்சு வாங்கியது. பனியில் அவர் கண்ணாடி மங்கிப்போய், துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கேள்வித்தாளை மெழுகுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அச்சடித்த தாளை நான் அன்றுதான் கையில் தொட்டேன். முகர்ந்து பார்த்தேன், மண்ணெண்ணெய் போல ஒரு வாசம். எங்கள் மூன்று பேரையும் மூன்று மூலையில் உட்காரவைத்தார்கள்.

முதல் கேள்வி இது: ஐந்து ஒற்றைப்படை எண்களைக் கூட்டி இருபது வரவழைக்க முடியுமா? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. துணையில்லாதவர்கள் ஐந்து பேர். இரண்டு ஜோடி போக ஒருத்தன் நிற்பான். முடியாது என்று எழுதினேன். ‘முடியாது’ என்பதும் ஒரு விடையாக இருக்கலாம் என்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? இரண்டாவது, நாலுக்கும் ஏழுக்கும் நடுவே ஓர் இலக்கம் அழிந்திருக்கிறது, எண் ஒன்பதால் வகுபடும், அழிந்தது எது? ஏழு. பலாக்கொட்டை புண்ணியம். மூன்றாவது கெஜம், அடி, அங்குலம், சொதப்பினேன். நாலாவது ரயில் வண்டி. நான் ரயிலைப் பார்த்ததே இல்லை. அது எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேர்ந்தால் எனக்கென்ன?

ஐந்தாவது கணக்கு அப்படியே மனசில் நிற்கிறது. ‘ஒரு குடியானவர் களத்தில் சில வள்ளம் தானியம் இருக்கிறது. அதை இரண்டு இரண்டாகவோ, மூன்று மூன்றாகவோ, நான்கு, ஐந்து, ஆறு ஆறாகவோ பிரித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு வள்ளம் மிஞ்சுகிறது. ஏழு ஏழாகப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. களத்தில் குறைந்தது எத்தனை வள்ளம் தானியம் இருக்கும்?’

எப்படிப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சுகிறதாம். அது யாருடைய வள்ளம் என்று எங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அதைத் தனியாக வைத்துவிட்டால் மற்றது அறுபது அறுபதாக ஏறும். அறுபது, நூற்றிருபது, நூற்றெண்பது என்று போட்டு, சாமியுடையதையும் சேர்த்து ஏழால் வகுத்துப் பார்த்துக்கொண்டே போனேன். முந்நூறில் சரியாக விழுந்தது. முந்நூற்று ஒன்று ஏழால் வகுபட்டது. ‘முந்நூறு வள்ளம்’ என்று அழுத்தமாக எழுதிக் கோடு போட்டேன். தலையைத் தூக்கினால், மாமன் மகன் எப்போதோ முடித்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் அங்கேயே திருத்தினார். அவர் மூஞ்சி மாறியது. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“வாத்தியாரே, விடை முந்நூற்று ஒன்று. மூன்று பிள்ளைகளும் முந்நூறு என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே தப்பு, மூன்று பேருக்கும். எப்படி? நீர் சொன்னீரா, இல்லை இதுகள் பார்த்து எழுதினதுகளா?”

வாத்தியாருக்குத் தலைத் துண்டு அவிழ்ந்து கையில் வந்துவிட்டது. “சத்தியமா இல்லீங்க. நான் அந்தப் பக்கமே போகலீங்க” என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் தாளில் இரண்டு கணக்கு சரி. மாமன் மகனுக்கும் இரண்டு சரி, ரயிலும் கெஜமும் அவனுக்கும் வரவில்லை. அந்த ஐந்தாவது சரியாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் பள்ளிக்கூடம் போச்சு, வாத்தியாருக்கும் கெட்ட பேர்.

அந்த இன்ஸ்பெக்டரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அவருக்கும் என்னைப் போல ‘ஏன்’ என்று கேட்கிற அரிப்பு. அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக வெளியே கூப்பிட்டார், ஒவ்வொருவருக்கும் வேறு கணக்கு. எனக்கு, களத்துக் குவியலை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்தால் ஒரு வள்ளம் மிஞ்சும், ஐந்தாகப் பிரித்தால் மிஞ்சாது, குறைந்தது எத்தனை என்றார். மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்து, “இருபத்தி நாலுங்க” என்றேன். மாமன் மகனுக்கு மூன்று, நான்கில் ஒன்று மிஞ்சி ஏழில் மிஞ்சாத கணக்கு. நின்றபடியே நாற்பத்தெட்டு என்றானாம். கவுண்டர் மகனுக்கு ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தாளைக் கொடுக்க எழுந்து வரும்போது, அந்த ஐந்தாவது விடையை மட்டும் அவன் என் தாளைப் பார்த்துத்தான் எழுதியிருந்தான். பின்னாளில் லாரி வாங்கி எங்கள் எல்லாரையும் விட வசதியாக இருந்தான், அது வேறு கதை.

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்தினார்.

“பாப்பா, இருபத்து நாலு ஐந்தால் வகுபடுமா?”

“படாதுங்க.”

“அப்புறம் எப்படி இருபத்து நாலு என்கிறாய்?”

“அதுகூட இன்னொரு வள்ளமும் இருக்குதுங்களே. அதையும் சேத்துப் பிரிச்சா வகுபடுமுங்க.”

“அப்படியானால் அந்த வள்ளத்தை ஏன் எண்ணவில்லை?”

இது என்ன கேள்வி என்று நான் மாமன் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது சாமியோடதுங்க. அதை எண்ணக் கூடாதுங்க.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “போன வருஷமும் இந்த மலைப் பிள்ளைகள் எல்லாம் ஒன்று குறைத்துத்தானய்யா எழுதியிருந்தார்கள்! மலைக்காரர்களுக்குக் கணக்கு வராது என்று நானே ரிப்போர்ட் எழுதினேன்!” என்றார். வாத்தியார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக எங்களோடு இருந்தும் இது தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

“பரீட்சை நேரம் இன்னும் கால் மணி இருக்கிறது. விடையை மாற்றி எழுதுவதென்றால் எழுதலாம். ஆனால் ஜில்லாவுக்கெல்லாம் ஒரே விடைதான். சாமியையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

தாள் திரும்பி வந்தது. கவுண்டர் மகன் உடனே மாற்றிவிட்டான். அவனுக்கு மற்ற நாலும் தப்பு, மாற்றி என்ன பிரயோஜனம்? நான் பென்சிலைப் பிடித்தவள் பிடித்தபடி இருந்தேன். அது ஒரே ஓர் எண் என்று எனக்குத் தெரியும். எழுதினால் பள்ளிக்கூடம் நிற்கும், எனக்கு ஏழின் சூத்திரம் கிடைக்கும். ஆனால் அம்மா மூன்று மாசக் கைக்குழந்தையாக என் தம்பியை வைத்திருந்தாள். ‘எண்ணிப்போட்டாளே’ என்று அத்தை அடித்துக்கொண்டது காதில் கேட்டது. பயம்தான், வேறென்ன!

மாமன் மகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

வாத்தியார் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். “எழுதுடா கண்ணு. ஒரே ஒரு ஒண்ணுடா. உனக்கு எல்லாந் தெரியுதே! எழுதிப்போடு, கீழ போய்ப் படிக்கலாம்.”

“ஆகாதுங்க சார்.”

“ஏன்டா?”

‘ஏன்’ என்று அந்த மனிதர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேட்டார், அதற்கு விடை கிடைக்கவில்லை. நானாவது எழுந்து சொல்லியிருக்கலாம். அவன் தங்கச்சி கதையைச் சொன்னால் அவனுக்கு அவமானம் என்று பத்து வயசில் தோன்றியது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அவன் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்.

“நீ எழுது புள்ள. பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது.”

எழுதினேன். முந்நூறின் கடைசிச் சுழி மேலேயே அந்த ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன், அது கோணலாகப் போயிற்று. என்ன எண் என்று தெரியவில்லை, படி என்றார் இன்ஸ்பெக்டர். “முன்னூத்தி ஒண்ணு” என்று வாயாலும் சொன்னேன். அவன் தாளில் ‘பிடிவாதக்காரன், மந்தம்’ என்று எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் டோலியில் ஏறிக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் அவரால் ‘ஏன்’ கேட்க முடியவில்லை போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் பிழைத்தது. தை பிறந்ததும் அப்பா என்னைக் கீழே கொண்டுபோய் விட்டார். கிளம்பும் வரைக்கும் தினமும் தம்பியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அம்மா, பிள்ளைக்குத் தம்பி மேல் என்ன பாசம் என்று பெருமைப்பட்டாள்.

ஹாஸ்டலில் அரிசிச் சோறு, புளிக்குழம்பு, இரும்புக் கட்டில். ரயிலைப் பார்த்தேன், நான் நினைத்ததை விடச் சத்தம் அதிகம். முதல் வாரமே கணக்கு டீச்சரிடம் ஏழுக்குச் சூத்திரம் என்னவென்று கேட்டேன். “ஏழுக்கு வகுத்துத்தான் பார்க்கணும்” என்றார். இதற்காகவா மலை இறங்கி வந்தேன் என்று வாளித் தண்ணீரைக் காலால் எட்டி உதைத்துத் தண்டனை வாங்கினேன்.

சித்திரை லீவுக்கு மலை ஏறினேன். ஏற்றம் முடிகிற இடத்தில் மாமன் மகன் நின்றுகொண்டிருந்தான். அப்பா மூட்டையோடு முன்னால் போய்விட்டார். அவன் இடத்தில் நான் போய்விட்டேனே, என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள் நான். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“உனக்குக் காச்சல் வந்துச்சா?”

“இல்ல.”

“ஒரு நாளாச்சும்?”

“சளிகூடப் புடிக்கலடா.”

“உங்க ஊட்டுலயும் ஒண்ணும் ஆகல. நான் தெனமும் போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். உந்தம்பி தவந்து போறான்” என்றான்.

அவன் தினமும் வந்துபோனதை அம்மா வேறு மாதிரி நினைத்திருந்தாள். அண்ணன் மகனுக்கு என் கைக் கூழ்தான் பிடித்திருக்கிறது, நாளைக்கு மருமகனாக வருகிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். அவன் வந்தது கணக்குப் பார்க்க. ஒருத்தி எண்ணிவிட்டாள், என்ன ஆகிறது என்று நாலைந்து மாசம் விடாமல் பார்த்திருக்கிறான்.

“வா” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். என் வீட்டுக்கு அல்ல, அவன் வீட்டுக்கு. அத்தை முற்றத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் உமி.

“வா கண்ணு, வந்துட்டியா? எளச்சுப்போயிட்டியே” என்றாள்.

“அத்தைகிட்டச் சொல்லு” என்றான் அவன்.

நான் அத்தை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். அப்புறம் சொன்னேன். பரீட்சையில் சாமி வள்ளத்தை எண்ணினேன், எழுதினேன், வாயைத் திறந்தும் சொன்னேன், முந்நூற்று ஒன்று என்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அத்தையின் கையில் முறம் நின்றுவிட்டது. அதைக் கீழே வைத்தாள். என் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். அப்புறம் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

“கேட்டியாடா? நீ அவளுக்கு எண்ணச் சொல்லிக்குடுத்ததுல ஒண்ணும் இல்லடா. உன்னால இல்லடா கண்ணு. அன்னைக்கு நான்தான் அழுகையில என்னமோ சொல்லிப்போட்டேன். அதை மனசுல வெச்சுக்கிட்டுத்தானே நீ வாயே தொறக்காமத் திரியறே? எப்படிச் சொல்லி ஆத்தறதுன்னு எனக்குத் தெரியலியேடா.”

அவன் தன் அம்மாவுக்காக என்னை இழுத்து வந்தான் என்றுதான் நானும் நினைத்தேன், அவனும் நினைத்திருந்தான். அவன் அப்படியே உமியிலேயே உட்கார்ந்து, முகத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டு அழுதான். இரண்டு வருஷத்து அழுகை. அத்தை ஒரு கையால் அவன் முதுகைத் தடவினாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், விடவில்லை.

“இன்னொருக்காச் சொல்லு கண்ணு” என்றாள்.

“ஒண்ணும் ஆகலீங்க அத்தை” என்றேன்.